ஆவணியில் செடிக்கு மொட்டை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தடியோடு வரக்கூடாது. நான் இருப்பது ஸ்காபரோவில். கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டத்துக்கு உட்பட்டது. ஒன்ராறியோவில் 19 வயதானவர்கள் வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு, அதையும் விற்கக் கூடாது. பக்கத்து கியூபெக்கில் அதுவும் இல்லை, அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இலங்கையிலோ இந்தியாவிலோ இருந்து இதை வாசிக்கிறவர்கள் தக்காளிக் கதையாக நினைத்து வாசியுங்கள், அங்கே இதை வளர்த்தால் வீட்டுக்கு வருவது பொலிஸ்தான். அதோடு, இதில் பாதி உண்மையிலேயே தக்காளிக் கதை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆவணி பிறந்து செடி பூக்கத் தொடங்கியதும், விரல்களை விரித்த கை மாதிரி நிற்கும் அந்தப் பெரிய இலைகளை வெட்டி எடுப்பதா, அப்படியே விடுவதா? ஒவ்வொரு வருடமும் இதே நாட்களில் பிரம்டனில் இருக்கும் மச்சான் படம் அனுப்பி இதையே கேட்பான். நானும் ஏதோ ஒரு பதில் சொல்வேன், போன வருடம் சொன்னதுக்கும் இந்த வருடம் சொல்வதுக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. அவன் அதை ஒரு நாள் பழைய செய்திகளை எல்லாம் தோண்டி எடுத்துக் காட்டிவிட்டான். அந்த மானக்கேட்டில்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் வளர்த்தது 2021இல். பின்வளவில் தக்காளி, கத்தரி, மிளகாய் வரிசை தாண்டி வேலியோரம் நாலு செடி. ஆடி மாதத்தில் அவை என் உயரத்துக்கு வந்துவிட்டன. அப்போது வீட்டுக்கு வந்திருந்த மாமி காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மரவள்ளியே உது? குளிருக்கு கிழங்கு வைக்குமோ?" என்று கேட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மரவள்ளி இல்லை மாமி என்பதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், அவர்மேல் பிழை இல்லை.

அந்த வருடம்தான் நான் ஒரு காணொளியைப் பார்த்துத் தொலைத்தேன். அதில் ஒருவர் அறைக்குள் விளக்கு போட்டு வளர்க்கிறார். பூக்கத் தொடங்கி 21ஆம் நாள் பெரிய இலைகளை எல்லாம் கழித்து ஒரு மொட்டை, 42ஆம் நாள் இன்னொரு மொட்டை. வெட்டிய பிறகு செடி ஈர்க்குக் கட்டு மாதிரி நிற்கிறது, கடைசியில் பூ கை மொத்தத்தில் வருகிறது. அவர் சொன்ன காரணம் கேட்க நன்றாகவே இருந்தது: பெரிய இலை பூவுக்கு நிழல் போடுகிறது, பூவில் வெளிச்சம் விழுந்தால்தான் பூ பெருக்கும். போதாததற்கு, பெரிய இலையில் கஞ்சாவின் வீரியம் இருக்கும் அந்தப் பிசின் மணிகள் அநேகமாக இல்லை, பூவும் பூவோடு ஒட்டிய சின்ன இலைகளும்தான் ஆளுக்கு வேண்டியவை, பெரியதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆவணி கடைசியில் ஒரு சனிக்கிழமை, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கி, நாலு செடிக்கும் மொட்டை. இரண்டு குப்பைப் பை நிறைய இலை. அன்று மாலை எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. உண்மையாகவே ஒன்றும் நடக்கவில்லை. பத்து நாள், இரண்டு வாரம், செடி அப்படியே நிற்கிறது. வெயில் பூவில் நேரே படத்தான் செய்கிறது, பூ மட்டும் பெருக்கவில்லை. ஒக்ரோபர் நடுவில் முதல் உறைபனி விழுந்தபோது என் பூக்கள் விரல் மொத்தம் கூட இல்லை. அதே கடையில் அதே விதை வாங்கி, பெயருக்குத் தண்ணீர் மட்டும் விட்டு, இலையில் கையே வைக்காமல் வளர்த்த பக்கத்து வீட்டுக் கிழவருக்கு என்னைவிட இரண்டு மடங்கு வந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு போத்தல் தக்காளி சோஸ் கொண்டுவந்து தந்தார், சொல்லிக் காட்டுவதைவிட அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

எங்கே பிழைத்தது என்று அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்தேன், வாசித்தேன். யோசிக்க யோசிக்க எங்கள் அப்புதான் நினைவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை வைத்தவர். புகையிலைக் கன்று பூவெடுக்கத் தொடங்கினால் அப்பு தலையைக் கிள்ளி விடுவார். பிறகு பக்கத்தில் வெடிக்கும் கொழுந்துகளையும் விடாமல் முறித்துக்கொண்டே போவார், கையெல்லாம் பிசின் கறுத்துக் கிடக்கும். ஏன் அப்பு பூவை எறியிறீங்கள் என்று கேட்டால், "பூ விட்டால் இலை மெலிஞ்சு போம் மோனை, இலை சமைக்கிறது முழுக்க பூவுக்குப் போயிடும்" என்பார். அவருக்கு இலைதான் காசு, அதனால் பூவை எறிந்தார். எனக்கு வேண்டியது பூ, நானோ இலையை எறிந்துவிட்டு நிற்கிறேன். நாலாம் வகுப்பில் கேட்ட பதிலை நாற்பத்தெட்டு வயதில் குப்பைப் பையில் கட்டி எறிந்திருக்கிறேன்.

இலைதான் செடியின் குசினி. இது பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அதன் மறுபக்கத்தை நாம் யோசிப்பதில்லை. பூவில் வெயில் பட்டுத்தான் பூ பெருக்க வேண்டும் என்றில்லை. பூவும் பச்சைதான், கொஞ்சம் தானாகவும் சமைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய சர்க்கரையில் பெரும் பங்கு இலையில் சமைத்து, காம்பு வழியாக, தண்டு வழியாகப் போய்ச் சேருவது. சாப்பாட்டு மேசையில் விளக்குப் போடுவதற்காகக் குசினியை இடித்த ஆள் நான்.

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழும்: கீழே நிழலில் கிடக்கும் இலை தானும் சமைக்காது, மேலே சமைத்ததையும் உறிஞ்சிக் குடிக்கும், அதனால் வெட்டு. இது கேட்க நியாயம், ஆனால் பிழை. ஓர் இலை முழுதாக விரிந்து தானே சமைக்கத் தொடங்கிவிட்டால், அதன்பிறகு பொதுவாக மற்ற இலையிடம் சர்க்கரை கேட்டுப் போகாது. நிழலில் மாட்டிக்கொண்டால் மெல்ல மஞ்சளாகி உதிரும், அவ்வளவுதான். உதிரும்போதும் சும்மா உதிர்வதில்லை. தன்னிடம் இருக்கும் நைதரசனைப் பெருமளவு பிரித்து மேலே அனுப்பிவிட்டுத்தான் போகும். பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் அப்படி இடம் மாறக்கூடியவை, கல்சியம்தான் போன இடத்திலேயே இருந்துவிடும். ஆக, கீழ் இலை மஞ்சளாவதைப் பார்த்துப் பதறிப் பசளையைக் கொட்டுகிறவர்களும், பச்சையாக இருக்கும்போதே அதைப் பிடுங்குகிறவர்களும் செய்வது ஒரே பிழைதான். பழைய இலை தன் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறது, குறுக்கே போகாதீர்கள்.

அப்படியென்றால் அந்தக் காணொளிக்காரர் பொய்யா சொன்னார்? இல்லை. அவருடைய அறையில் அது சரியாகவே இருக்கலாம், இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அறைக்குள் விளக்கு ஒரே இடத்தில், தலைக்கு மேலே நிற்கிறது. செடிகளை நெருக்கி வைத்திருப்பார்கள், மேலே ஒரு கூரை மாதிரி இலை மூடிக்கொள்ளும், அதற்குக் கீழே இருட்டு. எங்கள் பின்வளவில் சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் கிழக்கு வேலிக்கு மேலால் வந்து செடியின் இடுப்பில் விழும், மத்தியானம் தலையில், பின்னேரம் மறுபக்கம். நிழல் என்று நாம் நினைக்கும் இலைக்கும் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலமாவது வெயில் உண்டு. இன்னொன்று, அறைக்காரருக்கு நாட்காட்டி அவர் கையில். இலை போதாவிட்டால் விளக்கை இன்னும் இரண்டு வாரம் கூடுதலாக எரியவிட்டு, செடியைப் பூக்கவிடாமல் வளர்த்து எடுத்துக்கொள்வார். எனக்கு நாட்காட்டி வானத்தில். ரொறொன்ரோவில் ஜூன் 21இல் பதினைந்தரை மணித்தியாலம் பகல், ஓகஸ்ட் நடுவில் அது 14 அளவுக்கு இறங்கும்போது செடி பூவுக்குத் திரும்பும், செப்டெம்பர் கடைசியில் 12. பூக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் விறுவிறென்று நீளும், அதன்பிறகு புதிதாகப் பெரிய இலை விடுவது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் நீங்கள் வெட்டும் இலைக்குப் பதில் இலை வராது.

தக்காளி வளர்ப்பவர்கள் அனேகமாக இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். நானும் வழுக்கினேன். இங்கே லெமிங்டன் பக்கம் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி வளர்க்கிறார்கள், ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிதான். அங்கே வாரா வாரம் பழுக்கும் குலைக்குக் கீழே உள்ள இலைகளை ஒடித்து எறிந்துகொண்டே போவார்கள், தண்டு மொட்டையாகக் கயிறு மாதிரிக் கிடக்கும். ஆனால் அந்தத் தக்காளி உச்சியில் முடிவில்லாமல் புது இலை விட்டுக்கொண்டே போகிற இனம். கீழே மூன்று போனால் மேலே மூன்று வரும், கணக்குச் சரி. ஆவணி கடைசியில் கஞ்சாச் செடிக்கு அப்படி ஒரு வரவு இல்லை, செலவு மட்டும்தான்.

சரி, அப்போ வெட்டாமல் விட்டால் தீர்ந்ததா? அப்படி நினைத்துத்தான் அடுத்த வருடம் கத்தரிக்கோலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். செடி காடாக வளர்ந்தது. பூ நான் எதிர்பார்த்ததைவிட மொத்தம், மச்சானுக்குப் படம் எல்லாம் அனுப்பியாயிற்று. செப்டெம்பர் மூன்றாம் வாரம் நாலு நாள் விடாமல் தூறல். ஐந்தாம் நாள் காலையில் பார்க்கிறேன், நடுக் கொப்பின் பெரிய பூவில் ஒரே ஓர் இலை மட்டும் வாடி நிற்கிறது. மற்றதெல்லாம் பச்சை, இது மட்டும் நேற்றுச் செத்த மாதிரி. மெதுவாக இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. பூவைப் பிரித்தால் உள்ளே மண்ணிறம், மேலே சாம்பல் நிறப் பூஞ்சணம். திராட்சையிலும் ஸ்ட்ரோபரியிலும் வரும் அதே சாம்பல் பூஞ்சணம்தான், பொட்ரைட்டிஸ் என்பார்கள். வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளுக்குள் தின்று முடித்துவிடும். அந்த ஒரு வாடிய இலைதான் அது காட்டும் முதல் அடையாளம், இதை மட்டுமாவது இந்தப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு செடியில் முக்கால்வாசியை வெட்டி எறிந்தேன். பூஞ்சணம் பிடித்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்று மச்சான் கேட்டான். புகைத்து நுரையீரலுக்குள் இழுக்கப் போகிற சாமான் அது, கேள்வியைப் பார். நல்ல பகுதி என்று தெரிகிற இடத்துக்கும் கீழே தள்ளி வெட்டு, வெட்டியதைப் பையில் கட்டி எறி.

பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் இத்தாலிக்காரர், நயாகராப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். இலையைக் கழிக்கவே மாட்டார் என்று நான் நினைத்திருந்தேனே, அது என் பார்வைக் கோளாறு. அவர் செடியில் கழிக்க வேண்டிய இடம் இல்லை, அதனால் கழிக்கவில்லை, வேலியிலிருந்து ஆறடி தள்ளி வைத்திருந்தார், காற்று நாலு பக்கமும் ஓடியது. என்னுடையவை வேலியோடு ஒட்டி, ஒன்றோடொன்று தோள் முட்டி நின்றன. திராட்சையில் குலையைச் சுற்றியுள்ள இலைகளை எடுப்பார்களாம், ஆனால் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும். அந்தப் பக்கம் திறந்திருந்தால் இரவு விழுந்த பனி சீக்கிரம் காயும், பூஞ்சணத்துக்கு ஈரம் கிடைக்காது. பின்னேர வெயில் பக்கத்து இலையை விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் பழம் வெந்துபோகும். எத்தனை இலை என்ற கேள்வியே அவரிடம் இல்லை. எந்த இலை, எந்தப் பக்கம், எதற்காக, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். உண்மையான வெட்டு வேலையை ஆடியிலேயே, பூக்கும் முன்னரே முடித்துவிடுகிறேன். கீழே மூன்றில் ஒரு பங்கில் இருக்கும் மெலிந்த கொப்புகளை அடியோடு எடுத்துவிடுவேன், அவை எந்தக் காலத்திலும் உருப்படியான பூ தரப் போவதில்லை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இஸ்ரேலில் வொல்கானி ஆய்வு நிலையத்தில் மருத்துவக் கஞ்சாவை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வுகளிலும் கீழ்க் கொப்பும் கீழ் இலையும் எடுத்தபோது உச்சிப் பூவுக்கும் அடிப் பூவுக்கும் இடையே வீரியத்தில் இருக்கும் வித்தியாசம் குறைந்தது என்று வந்திருக்கிறது. அவர்கள் தேடியது எல்லாப் பூவும் ஒரே சீராக இருப்பதை, மருந்துக்கு அது முக்கியம். மொட்டை அடித்தால் பூ இரண்டு மடங்காகும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் சிலர் அப்படித்தான் காட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

பூத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். பூவை மறைக்கும் இலை கண்ணை உறுத்தும்போது முதலில் அதை வளைத்துப் பக்கத்துக் கொப்புக்குக் கீழே செருகிப் பார்க்கிறேன், பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும். கொப்புகளை மெல்லிய கயிற்றால் வெளிப்பக்கம் இழுத்துக் கட்டினால் நடுவில் காற்று நுழைய வழி பிறக்கும், ஓர் இலையும் போகாது. மழை விட்டதும் போய்க் கொப்பைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவேன், பிள்ளைகள் அப்பா செடிக்குப் பேயோட்டுகிறார் என்பார்கள். எடுப்பது என்றால், தொட்டதும் கையோடு வருகிற மஞ்சள் இலை, வெள்ளைப் பொடி பிடித்த இலை, மண்ணைத் தொடும் இலை, நடுவில் ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடப்பது. அதோடு கிழக்குப் பக்கத்தில், பூவோடு ஒட்டி நெரிந்து கிடப்பதில் சில. ஒரு நாளைக்கு ஒரு செடியில் நாலைந்துக்கு மேல் இல்லை. வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகுதான் வெட்டுவேன், ஈரத்தில் வெட்டிய காயத்தில் பூஞ்சணம் சுகமாக ஏறும். ஒரு செடி முடித்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரிக்கோலை வெளுப்பான் கலந்த தண்ணீரில் நனைத்துத் துடைக்கிறேன். ஹொப் லேட்டன்ட் வைரொயிட் என்று வைரஸைவிடச் சின்னதான ஒரு நோய்க்கிருமி இருக்கிறது, பியருக்குப் போடும் ஹொப் செடி கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்பதால் இதற்கும் வருகிறது, கத்தரிக்கோல் மூலமாகவே செடிக்குச் செடி பரவும், ஸ்பிரிட்டுக்கு அது அசையாது.

அறைக்குள் வளர்ப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், தெரியும். உங்கள் விளக்கு, உங்கள் காற்றாடி, நீங்கள் மொட்டை அடியுங்கள், ஒரு செடியையாவது தொடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடியுங்கள், கடைசியில் இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மொட்டை அடித்த செடியின் படத்தை மட்டும் போடுகிறவர்களைத்தான் நான் நம்புவதில்லை.

இந்த வருடம் மூன்று செடிதான் வைத்திருக்கிறேன். நாலாவது இருந்த இடத்தில் மாமி பாகல் போட்டிருக்கிறார், அது வேலியும் தாண்டி இத்தாலிக்காரரின் பக்கம் போய்க் காய்க்கிறது, அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் திருப்பிக் கொண்டுவந்து தருகிறார். வியாழக்கிழமை மழை என்கிறார்கள். நடுச் செடியின் கிழக்குப் பக்கத்தில் எடுக்க வேண்டியது ஆறு இலை எண்ணி வைத்திருக்கிறேன், நாளைக்குப் பனி காய்ந்ததும் நாலை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் செருகிப் பார்க்க வேண்டும். மச்சான், நீ கேட்கப் போகிறாய், உன் படத்தில் இடது பக்கம் நிற்பதை வெட்டாதே, செடிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பார்பிக்யூ அடுப்பைத் தள்ளி வை.